பிராக் நடைச் சுற்றுலா: வழிகாட்டி விடும் கதையைக் கேட்க மூன்று மணி நேரம் நடக்கணுமா?

கேள்வி, 3 மே 2025

ஜூன் மாதம் இரண்டு நாள் பிராக் போகிறோம், நானும் அம்மாவும். பழைய நகரத்தில் கலர் குடை பிடித்துக்கொண்டு ஆள் சேர்ப்பார்களே, அந்த நடைச் சுற்றுலாவில் சேரலாமா? தகவல் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. போய் வந்த நண்பன், வழிகாட்டிகள் சொல்வதில் பாதி கட்டுக்கதை என்கிறான். கட்டுக்கதை கேட்கவா மூன்று மணி நேரம் கல் தரையில் நடக்க வேண்டும்?

3 மே, இரவு

பாதி கட்டுக்கதைதான். அதனால்தான் போகச் சொல்கிறேன்.

பழைய நகரச் சதுக்கத்தில் நகராட்சி மண்டபக் கோபுரத்தில் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. எல்லாச் சுற்றுலாவும் அதன் முன்னால் நின்றே ஆகும். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியாட்டும், பக்கத்தில் நிற்கும் மற்ற பொம்மைகள் 'மாட்டேன், மாட்டேன்' என்று தலையாட்டும், மேலே ஜன்னலில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. கீழே நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் தூக்கிப் பிடித்தபடி இருக்கும். முடிந்ததும் 'அவ்வளவுதானா?' என்று ஒரு முனகல் கேட்கும், அதையும் தவறவிடாதீர்கள்.

எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண், வரலாறு படித்தவர். இதைச் செய்த ஹனுஷ் என்பவரின் கண்ணை நகரப் பெரியவர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குருடாக்கினார்கள், வேறு ஊருக்கு இன்னொன்று செய்து தந்துவிடக் கூடாது என்று. அவர் தடவித் தடவி மேலே ஏறி இயந்திரத்துக்குள் கையை விட்டு அதை நிறுத்திவிட்டார் என்று கதை சொன்னார். கூட்டம் 'அய்யோ' என்றது. நமக்கு இது பழைய கதை. தாஜ்மகால் கட்டியவர்கள் கையை வெட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டோம் இல்லையா.

அவர் அடுத்துச் சொன்னதுதான் காசுக்குப் பெறுமானம். கடிகாரம் 1410-இல் செய்தது. செய்தவர் கடான் ஊர்க்காரர் மிகுலாஷ், கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பல்கலைக்கழக வானியலாளர் யான் ஷிந்தெல். ஹனுஷ் என்பவர் 1490 வாக்கில் அதில் வேலை பார்த்தவர். யாரும் யார் கண்ணையும் பிடுங்கவில்லை. ஆனால் சில நூற்றாண்டுகள் ஊரே ஹனுஷ்தான் செய்தார் என்று நம்பிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பழைய ஆவணத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான் மிகுலாஷுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

கைப்பேசியில் இந்தக் கதையும் கிடைக்கும், உண்மையும் கிடைக்கும். ஆனால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம்.

4 மே

சேர்த்துச் சொல்ல மறந்தது: கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதே கட்டடத்தின் பக்கவாட்டில் இருக்கும் புல்தரையைப் பாருங்கள். நெருக்கியடித்துக் கட்டிய சதுக்கத்தில் அந்த ஓர் இடம் மட்டும் ஏன் காலி? 1945 மே மாதம் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து ஊர் மக்கள் எழுந்தபோது ஜெர்மன் படை தாக்கியதில் நகராட்சி மண்டபத்தின் ஒரு பகுதி எரிந்து போனது. மரத்தாலான அப்போஸ்தலர்களும் எரிந்தார்கள். இப்போது ஜன்னலில் வருகிறவர்கள் 1948-இல் வந்தவர்கள். காலி இடத்தைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று எத்தனையோ போட்டி வைத்துப் பார்த்தும் முடிவாகாமல் புல்லாகவே கிடக்கிறது. யாராவது கை நீட்டிக் காட்டாமல் நான் அந்தப் புல்லைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

4 மே, மாலை

கடிகாரத்தில் ராசி வட்டம் இருக்கிறதே, நம் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஒத்துப்போகாது. இன்றைக்கு அங்கே சூரியன் ரிஷபத்தில் நிற்பான், நம் பஞ்சாங்கத்தில் சித்திரை மாதம், மேஷம். அவர்களுடையது சாயனக் கணக்கு, சம இரவு நாளை மேஷத்தின் தொடக்கமாக வைப்பது. நம்முடையது நிரயனம், நட்சத்திரத்தை ஒட்டியது. இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை இடைவெளி.

வெளி வளையத்தில் கறுப்பில் தங்க நிறமாக இருக்கும் எண்கள் பழைய செக் நேரம்: சூரியன் மறைந்ததும் 24 முடிந்து புது நாள் தொடங்கும். மறையும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வளையத்தையும் ஆண்டு முழுக்க நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். இதை விளக்க எங்கள் வழிகாட்டிக்கு நேரமில்லை, அடுத்த குடை முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

5 மே

காசு விஷயம். 'இலவசம்' என்று போட்டிருப்பதை இலவசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவில் டிப்ஸ் தர வேண்டும், அதுதான் வழிகாட்டியின் வருமானம். இப்படி நடத்தும் நிறுவனங்கள் பலவற்றில், வந்த தலைக்கு இவ்வளவு என்று வழிகாட்டியே நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். தொடக்கத்தில் 'எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ' என்பார்களே, அது சும்மா நினைவுக்கு இல்லை, தலையெண்ணவும்தான். ஆகவே நடுவில் நழுவுகிறவரால் வழிகாட்டிக்குக் கைக்காசு போகிறது. பாதியில் போக வேண்டியிருந்தால் போகும்போதே கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நான் ஆளுக்கு 250 கொருனா (செக் நாணயம்) போல வைத்தேன். மழையில் நடந்திருந்தால் கூடவே கொடுத்திருப்பேன்.

2020 முதல் செக் நாட்டில் வழிகாட்டிகளுக்கு அரசு அட்டை உண்டு. கழுத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ராத்திரியில் மதுக்கடை மதுக்கடையாக ஊர்வலம் கூட்டிப்போகும் 'சுற்றுலா'வும் இருந்தது. குடியிருப்பவர்கள் தூங்க முடியாமல் கத்தி, 2024 அக்டோபரில் நகரசபை இரவு 10 முதல் காலை 6 வரை அதைத் தடை செய்தது. அம்மாவோடு போகிற தம்பிக்கு இந்தத் தகவல் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

7 மே

சதுக்கத்துக்கே திரும்ப வருகிறேன், நிறைய பேர் கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மண்டபத்துச் சுவரோரம் தரையில் வெள்ளைக் கல்லில் 27 சிலுவைகள் பதித்திருக்கும். மேலே ஏறி நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். 1621 ஜூன் 21 அன்று அங்கே 27 பேருக்கு மரண தண்டனை. அப்போது நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்கள், நகரத்தார். தண்டனையை நிறைவேற்றியவர் யான் மிட்லார்ஷ் என்ற கொலைத்தண்டனைப் பணியாளர், ஒரே காலைப்பொழுதில். அதில் பன்னிரண்டு பேர் தலையைச் சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள், பத்து வருடம்.

அங்கிருந்து திரும்பினால் நடுவில் ஒரு மரியன்னைத் தூண். ஹாப்ஸ்பர்க் பேரரசர் 1650-இல் எழுப்பியது, சுவீடன் படையிடமிருந்து நகரம் தப்பியதற்கு நன்றியாக. ஆனால் செக் மக்கள் பலர் கண்ணுக்கு அது அந்தத் தலைகளை வெட்டியவர்களின் வெற்றித்தூண். 1918 அக்டோபர் 28 சுதந்திரப் பிரகடனம், நவம்பர் 3 அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளிவிட்டது. நூறு வருடம் கழித்து, 2020-இல், பிரதி ஒன்றைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள், பெரிய சண்டைக்குப் பிறகு. பக்கத்திலேயே 1915 முதல் யான் ஹூஸ் சிலை, 1415-இல் சபைக்கு மாறானவர் என்று உயிரோடு கொளுத்தப்பட்டவர். இருவரும் ஒரே சதுக்கத்தில் முகம் கொடுக்காமல் நிற்கிறார்கள்.

இந்தத் தூணைப் பற்றி வழிகாட்டி எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். 'அழகான பரோக் தூண்' என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் டிப்ஸைக் குறைத்துக்கொள்ளலாம். (பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.) தூணின் நிழல் நண்பகலில் விழும் கோட்டைத் தரையில் பித்தளைப் பட்டையாகப் பதித்திருக்கிறார்கள். தூண் இல்லாத காலத்தில் நிழலே இல்லாமல் பட்டை மட்டும் கிடந்தது.

8 மே

சார்லஸ் பாலம் பற்றிக் கேட்டவருக்கு. இது கட்டுக்கதைக் கிடங்கு, தனித்தனியாகப் பிரித்துத் தருகிறேன்.

முட்டை: சுண்ணாம்புச் சாந்தில் முட்டை கலந்தார்களாம், ஊர் ஊராக முட்டை அனுப்பச் சொன்னதில் ஓர் ஊர்க்காரர்கள் உடையக் கூடாதே என்று அவித்து அனுப்பினார்களாம். சாந்தைச் சோதித்தவர்கள் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்கிறார்கள். அவித்த முட்டை மட்டும் எனக்குப் பிடித்துவிட்டது.

எண்: அடிக்கல் 1357, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5:31. வரிசையாக எழுதினால் 1 3 5 7 9 7 5 3 1. பாலத்தைக் கட்டத் தொடங்கிய பேரரசர் நான்காம் சார்லஸுக்குச் சோதிடத்தில் நம்பிக்கை உண்டு, அதனால் பொருந்தி வருகிறது. ஆனால் நிமிடம் வரை நேரம் சொல்வது பிற்காலத்தவர் கணக்கு. இதை உறுதியான செய்தியாகச் சொன்ன வழிகாட்டியையும் கேட்டேன், 'அப்படி ஒரு கருத்து' என்று சொன்னவரையும் கேட்டேன்.

நெபொமுக் யோவான்: பாலத்தில் 30 சிலைகள், முதலில் வந்தது இவருடையது, 1683. பீடத்து உலோகப் பலகையைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று வரிசை நிற்கும், தொட்ட இடம் மட்டும் பளபளக்கும். அரசியின் பாவசங்கீர்த்தன ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் அரசர் ஆற்றில் எறிந்தார் என்பது கதை. ஆற்றில் எறிந்தது உண்மை, 1393-இல். காரணம் ரகசியம் இல்லை. ஒரு மடத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்று அரசருக்கும் பேராயருக்கும் இருந்த இழுபறியில் பேராயரின் அதிகாரியான இவர் மாட்டிக்கொண்டார். மடத்துப் பதவித் தகராறுக்கு யார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்? வாய் திறக்காத பாதிரியார் என்றால் கண்ணீர் வரும். ஹூஸை மக்கள் மறக்கட்டும் என்று கத்தோலிக்கத் தரப்பு இவரைத் தூக்கிப் பிடித்தது என்று செக் நாட்டில் பலர் சொல்வார்கள். 1729-இல் புனிதர் பட்டம்.

நம்மவர்களுக்கு ஒன்று: அதே பாலத்தில் புனித சவேரியார் இருக்கிறார். 1542 முதல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே வேலை செய்த அதே சவேரியார். அவர் திருமுழுக்குக் கொடுப்பது போலவும், கீழை நாட்டார் சிலர் பீடத்தைத் தோளில் சுமப்பது போலவும் செதுக்கியிருக்கிறார் ஃபெர்டினாண்ட் புரோகோஃப். 1890 வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் இடிந்தபோது மூலச்சிலை ஆற்றில் விழுந்தது, இப்போது இருப்பது பிரதி. எங்கள் கூட்டம் இந்தச் சிலையை நிற்காமல் தாண்டிவிட்டது. நான் பின்தங்கி நின்று பார்த்தேன். சுமப்பவர்கள் முகம் என்னைச் சங்கடப்படுத்தியது. தூத்துக்குடிக்காரர் யாராவது போனால் என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

8 மே, பின்னிரவு

பாலம் ஏறுமுன் கரைச்சுவரில் தாடிக்காரன் தலை ஒன்று கல்லில் இருக்கும். தண்ணீர் அவன் தாடியைத் தொட்டால் பழைய நகரத் தெருவுக்குள் வரும் என்பது கணக்கு. குனிந்து தேட வேண்டும்.

10 மே

ஒரு நண்பர் யோசெஃபோவ் (பழைய யூதர் பகுதி) பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். 'ரபி லோவ் களிமண்ணில் கோலெம் செய்ததை அக்கால ஆவணங்கள் சொல்கின்றன' என்கிறார். கோலெம் என்பது மந்திரத்தால் உயிர் பெற்றதாகக் கதையில் வரும் களிமண் மனிதன். ரபி லோவ் உண்மையான மனிதர், பெரிய அறிஞர், 1609-இல் இறந்தார், கல்லறையும் அங்கேதான். அவரையும் கோலெமையும் சேர்த்த கதை பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கோலெமின் உடல் இன்னும் 'பழைய-புதிய' என்றே பெயர் கொண்ட யூத ஜெப ஆலயத்தின் பரண்மேல் இருக்கிறது என்று சொல்வதும் அப்படியே. ஆலயம் 1270 வாக்கில் கட்டியது, கோலெம் இல்லாமலே போய்ப் பார்க்கத் தக்கது.

யோசெஃபோவில் நடைச் சுற்றுலாக்கள் எனக்குப் போதவில்லை. வெளியில் நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள், உள்ளே போகத் தனிச் சீட்டு வேண்டும். குறுகிய சந்துகளாக இருந்த யூதர் பேட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் 'சுகாதாரம்' என்ற பெயரில் இடித்துத்தான் இன்றைக்குப் பெரிய பிராண்டு கடைகள் இருக்கும் பாரிஸ் தெரு வந்தது. மிஞ்சியவை சில ஆலயங்கள், ஒரு மண்டபம், ஒரு கல்லறைத் தோட்டம். தோட்டத்தில் சுமார் 12,000 கல். இடமில்லாமல் மண் போட்டு மண் போட்டு அடுக்கடுக்காகப் புதைத்ததால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்குகின்றன.

பிங்காஸ் ஆலயத்துச் சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள், ஏறக்குறைய 78,000 பேர். அங்கே வழிகாட்டி வேண்டாம். கூட்டமில்லாத நேரம் பார்த்து நீங்களே போங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும், நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

11 மே

யோசித்துப் பார்த்தேன். கட்டுக்கதைக்காகப் போங்கள் என்று தொடக்கத்தில் எழுதியது வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் பொருந்தாது. அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

1969 ஜனவரி 16, யான் பாலஹ் என்ற 20 வயது மாணவன் சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நாடு சோர்ந்து அடங்கிப்போவதை எதிர்த்துத் தன்மேல் தீ வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் இறந்தான். தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதையில் வெண்கலச் சிலுவை ஒன்று தரையிலிருந்து லேசாகப் புடைத்துக்கொண்டு கிடக்கும். தமிழ் ஆட்களுக்கு இதைக் கேட்டதும் மனசுக்குள் வேறு சில பெயர்கள் ஓடும், எனக்கும் ஓடின. எங்கள் வழிகாட்டி அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஜோக் அடித்தவர், இங்கே ஒன்றும் அடிக்கவில்லை. 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து இதே சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் சாவிக்கொத்தை ஆட்டிச் சத்தம் எழுப்பியதைச் சொல்லும்போது, தன் அம்மா அந்தக் கூட்டத்தில் நின்றதாகச் சொன்னார். கைப்பேசி இதைத் தராது, தம்பி.

இன்னொன்று அவர் சொல்லிப் பிற்பாடு தேடிப் படித்தது. 2020-இல் அந்தச் சதுக்கத்துத் தரையைப் பெயர்த்தபோது, கற்களின் அடிப்பக்கத்தில் ஹீப்ரு எழுத்துகள், தேதிகள். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் யூதர் கல்லறைக் கற்களை உடைத்துத் தளக்கல்லாகப் போட்டிருக்கிறார்கள்.

12 மே

திரும்பவும் சின்ன விஷயங்கள்.

மூலைக்கு மூலை உருளையில் சுற்றிச் சுடும் இனிப்புச் சுருள், 'பழைய பொஹீமியப் பலகாரம்' என்று போர்டு. உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அது பிராகின் பாரம்பரியம் இல்லை, சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தது. ருசியாக இருக்கும், அது வேறு விஷயம்.

பணம் மாற்றும் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்று எழுதியிருந்தால் கொடுக்கும் விகிதத்தைக் கேளுங்கள். என்னிடமிருந்து ஒரு கடை கொஞ்சம் நன்றாகவே உருவிவிட்டது. 2019 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் ரத்து செய்யலாம். கார்டு எங்கும் ஓடும், டிப்ஸுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வானியலாளர் டைக்கோ பிராகே பற்றிக் கேட்டவருக்கு: கடிகாரத்துக்கு எதிரே இருக்கும் டீன் தேவாலயத்தில்தான் கல்லறை. விருந்தில் மரியாதைக்காகச் சிறுநீரை அடக்கியதால் 1601-இல் செத்தார் என்பது வழிகாட்டிகளுக்கு வெல்லக்கட்டி. அவருடைய உதவியாளர் கெப்லர் பாதரசம் வைத்தார் என்று ஒரு சந்தேகமும் கிளம்பியது. 2010-இல் தோண்டியெடுத்துச் சோதித்ததில் சாகிற அளவுக்குப் பாதரசம் இல்லை. கெப்லர் பாவம், விட்டுவிடுங்கள்.

14 மே

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று இப்போதுதான் சொல்கிறீர்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. அப்படியானால் திட்டம் மாறுகிறது.

முதல் நாள் காலை பழைய நகரச் சுற்றுலா மட்டும், அதுவும் பாலத்தில் முடியாமல் சதுக்கத்தைச் சுற்றியே இருப்பதாகப் பாருங்கள். உட்கார இடமே இருக்காது, சதுக்கத்தில் ஹூஸ் சிலையைச் சுற்றித் திண்ணை மாதிரி இருக்கும், அங்கே அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். கூட்டம் சின்னதாக இருந்தால் வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடலாம், மெதுவாக நடப்பார்கள். செருப்பு வேண்டாம், சின்னச் சின்னச் சதுரக் கல் பாவிய தரை, மழை பெய்தால் வழுக்கும்.

கோட்டைக்குச் சுற்றுலாவோடு போக வேண்டாம், அவர்கள் கீழிருந்து படியேற்றிக் கொண்டுபோவார்கள். 22-ஆம் எண் டிராமில் ஏறி மேலே போய்விடுங்கள். கோட்டை நிறுத்தத்தில் இறங்கலாம், இன்னும் தள்ளிப் பொஹோர்ஷெலெட்ஸில் இறங்கினால் வழி முழுக்க இறக்கம்தான். புனித வீட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்தது, அதன் முன்பகுதியைப் பார்த்து 'எவ்வளவு பழசு' என்று அம்மா வியந்தால் திருத்த வேண்டாம்.

பழைய அரண்மனைக்குச் சீட்டு வாங்கினால் 1618 மே 23 அன்று இரண்டு ஆளுநர்களையும் ஒரு செயலரையும் தூக்கி எறிந்த ஜன்னல் இருக்கும் அறையைப் பார்க்கலாம். சுமார் 21 மீட்டர், மூவரும் பிழைத்தார்கள், முப்பதாண்டுப் போர் தொடங்கியது. மரியன்னை தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு, சாணிக் குவியலில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. அங்கே நிற்கும் ஊழியரிடமோ எந்த வழிகாட்டியிடமோ இரண்டில் எது என்று கேட்டுப் பாருங்கள், பதிலை வந்து எழுதுங்கள்.

இறங்கும்போது நெருதோவா தெரு வழியாக வாருங்கள். சரிவு கொஞ்சம் செங்குத்து, அம்மா சுவரோரமாக நடக்கட்டும். கீழே வந்ததும் அதே 22 டிராம் நிற்கும், பாலத்தை மறுநாள் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.